ஒரு மணி ஐந்து நிமிடத் தூரம்

ரீகா, ஸோலிதூதே
3 மார்ச் 2009

மோட்ரிஸுக்கு,

போனில் பேச வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். உன் எண்ணைப் பார்த்தாலே எனக்குப் போனை எடுக்கக் கை வருவதில்லை. கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது. உன் அக்காவாகப் பிறந்ததிலிருந்து எனக்குக் கிடைக்காத வசதி இது.

அப்பாவைப் போன மாதம் இருபதாம் தேதி, வெள்ளிக்கிழமை அடக்கம் செய்தோம். ரயில்வேயிலிருந்து எட்டுப் பேர் வந்தார்கள். அப்பாவோடு ஒரே அறையில் முப்பது வருஷம் உட்கார்ந்து வண்டி அனுப்பிய சிகுர்ட்ஸ் மாமா, கைத்தடியை ஊன்றிக்கொண்டு பனியில் நடந்து வந்தார். எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான், மோட்ரிஸ் எங்கே என்று. முதல் இரண்டு பேருக்கு விமானம் கிடைக்கவில்லை என்றேன். அதற்குப் பிறகு பதில் சொல்வதை விட்டுவிட்டேன்.

அந்தப் புதன்கிழமை இங்கே என்ன நடந்தது என்று நீ கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. இப்போது சொல்கிறேன்.

காலை ஏழு மணிக்கு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, யாராவது வர வேண்டியிருந்தால் இன்றைக்கே வரச் சொல்லுங்கள் என்றார். உடனே உனக்கு அடித்தேன். நீ எடுக்கவில்லை. உன் மணிக்குப் பத்தரை ஆகும்போது திரும்ப அடித்து, காரில் வந்துகொண்டிருக்கிறேன், பன்னிரண்டு மணி விமானத்தைப் பிடித்துவிடுவேன் என்றாய். அப்பாவிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். இரண்டு நாளாக அவர் எதற்கும் தலையை ஆட்டியிருக்கவில்லை.

அப்புறம் எங்கள் மணி ஒன்று ஐம்பதுக்கு நீ மறுபடி அழைத்து, கேட்டை மூடிவிட்டார்கள் என்றாய். நான் சமையலறையில் நின்று அந்தப் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே அப்பா விழித்திருந்தார். நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்: "மோட்ரிஸ் ஏறிட்டான்பா. ரெண்டு மணிக்குக் கிளம்புது. ஒரு மணி அஞ்சு நிமிஷம்தான்."

அவர் என்னைப் பார்த்தார். "மூணு... அஞ்சு" என்றார். ஆமாம்பா, மூணு அஞ்சுக்கு இறங்கிடுவான் என்றேன்.

மூன்று ஐந்து வந்தது. போனது. நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். அவர் உன்னைக் கேட்கவில்லை. என்னையும் கேட்கவில்லை. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தார். நாலு ஆயிற்று. நாலரை ஆயிற்று. ஆயுசு முழுக்க வண்டி நேரம் பார்த்த மனுஷனுக்கு ஒரு வண்டி வரவில்லை என்பது தெரியாமல் இருக்குமா? ஐந்து தாண்டியதும் டீ போடச் சொன்னார். "பெரிய கெட்டில வை" என்றார். இரண்டு நாளாக ஸ்பூன் தண்ணீர் இறங்கவில்லை, இவருக்கு எதற்குப் பெரிய கெட்டில், நினைவு தப்புகிறது என்று நினைத்தேன். இருந்தாலும் போய் வைத்தேன். தண்ணீர் கொதித்து நான் திரும்பி வருவதற்குள் அவர் போய்விட்டார்.

நாலு வருஷமாக ஒரே பேச்சு. மாடிப்படியில் யாரைப் பார்த்தாலும், "எம் பையன் ஒரு மணி அஞ்சு நிமிஷத்துல இருக்கான். நான் பக்கத்து ஊர் யெல்கவாவுக்கு சரக்கு வண்டி அனுப்பினா இதைவிட லேட்டாகும்" என்று பெருமை. டாக்டர் குளிரில் நிற்கக் கூடாது என்று சொல்லியும் சில நாள் சாயங்காலம் பால்கனியில் போய் நிற்பார். புகைதான் விட்டாயிற்றே, அங்கே என்ன வேலை என்று கத்துவேன். இந்த மனுஷனை விட்டுவிட்டு நீ நாலு வருஷத்தில் இரண்டு தடவை வந்தாய். ஒரு மணி ஐந்து நிமிடம், மோட்ரிஸ்.

நீ கேட்டைத் தவறவிட்டதை மன்னித்தாலும் மன்னிப்பேன். மூன்றிலிருந்து ஐந்து வரை அவர் கிடந்த அந்த இரண்டு மணி நேரத்தை மன்னிக்க என்னால் ஆகாது.

ரஸ்மா

●

மோனகன், அயர்லாந்து
19 மார்ச் 2009

அக்கா,

உன் கடிதத்தைக் காளான் பண்ணைச் சாப்பாட்டு அறையில் படித்தேன். படித்திருக்கக் கூடாது. லிதுவேனியாக்காரப் பெண் ஒருத்தி என்ன ஆச்சு என்று கேட்டாள். கண்ணில் உரத்தூசி விழுந்துவிட்டது என்றேன். அதை ஒரு மணி நேரம் நம்பும்படி நடித்தேன்.

நீ அழைத்தபோது போன் பெட்டிக்குள் இருந்தது. காளான் அறைக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள். எட்டரைக்கு இடைவேளையில்தான் பார்த்தேன். கார் கிடைத்துக் கிளம்ப ஒன்பதரை ஆகிவிட்டது. இங்கிருந்து டப்ளின் விமான நிலையம் நல்ல சாலையில் ஒன்றரை மணி நேரம், எங்களுக்குக் கிடைக்கிற காரில் இரண்டு. இதெல்லாம் சாக்கு என்றுதான் உனக்குத் தோன்றும். சாக்குதான்.

ஆனால் ஒன்றை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னால் என்னை இன்னும் வெறுப்பாய்.

ஒரு மணி ஐந்து நிமிடம் கிடையாது அக்கா. மூன்று மணி ஐந்து நிமிடம்.

நான் கிளம்பிய வாரம், அம்மா போன மறு வருஷம், சமையலறை மேசையில் டிக்கெட்டை வைத்திருந்தேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வரியின் மேல் ஓட்டினார். "ரீகா பத்து இருபத்தஞ்சு. டப்ளின் பதினொண்ணு முப்பது. அட, ஒரு மணி அஞ்சு நிமிஷம்தானாடா?" அவர் வேலை பார்த்த காலத்தில் ரீகாவிலிருந்து விளாடிவோஸ்டாக் வரைக்கும் டிக்கெட்டில் மாஸ்கோ நேரம் ஒன்றுதான். வந்த நேரத்திலிருந்து புறப்பட்ட நேரத்தைக் கழித்தால் பயண நேரம். அந்தந்த ஊர் நேரத்தைப் போட்டு அச்சடித்த சீட்டை அவர் கையில் பிடித்ததே அன்றைக்குத்தான். டப்ளின் கடிகாரம் நம்மைவிட இரண்டு மணி பின்னால் ஓடுகிறது. அது அவருக்குப் பேச்சளவில் தெரியும், சீட்டில் தெரியவில்லை.

எனக்கு அப்போதே தெரிந்தது. வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு வாரமாக அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை, அப்போதுதான் தெளிந்திருந்தது. "ஆமாம்பா, ஒரு மணி நேரந்தான்" என்றேன். ஏறக்குறைய இரண்டாயிரம் கிலோமீட்டரை அப்படித்தான் அவருக்குச் சுருக்கிக் கொடுத்தேன். நீயும் டிக்கெட்டைப் பார்த்ததில்லை. வண்டி நேரத்தில் அப்பா சொன்னால் நம் வீட்டில் யார் மறுத்துப் பேசினார்கள்?

பிறகு அதுவே என் கழுத்தைப் பிடித்தது. ஒவ்வொரு தடவை போன் செய்யும்போதும், "ஒரு மணி நேரத்துல இருக்கிறவனுக்கு ஞாயித்துக்கிழமை உருளைக்கிழங்கு தோண்ட வர முடியலியா" என்பார். சிரித்துக்கொண்டுதான் கேட்பார். நான் என்ன சொல்வேன்? பொய் சொன்னேன் என்றா? அழைப்பதைக் குறைத்துக்கொண்டேன். அதுதான் உண்மை, இப்போது எழுதிவிட்டேன்.

உன்னிடமும் ஒன்று கேட்கிறேன். அன்றைக்குச் சாயங்காலம் விமான நிலையத்தில்தான் இருந்தேன். ஃபிராங்க்ஃபர்ட் சுற்றி மறுநாள் வரலாம் என்று வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டே பேர். அப்போது நீ அழைத்தாய். "போயிட்டார். வெள்ளிக்கிழமை அடக்கம். இனி நீ வந்து என்ன பண்ணப்போற" என்று வைத்துவிட்டாய். நான் வரிசையை விட்டு விலகினேன். நீ சொன்னதற்காக விலகினேனா, இல்லை நீ சொன்னது எனக்கு வசதியாக இருந்ததா என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் நேரடி விமானம் சனிக்கிழமை இருந்தது என்று உனக்குத் தெரியும். இரண்டே நாள். உறைந்த மண்ணில் இரண்டு நாள் காத்திருக்க முடியாதா அக்கா?

மோட்ரிஸ்

●

ரீகா
2 ஏப்ரல் 2009

மோட்ரிஸ்,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் கோபம் வேறு வேறு இடத்தில் வந்தது.

நீ பொய் சொன்னாய். அதை நான் நாலு வருஷம் நம்பினேன். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவள் நான், தேசப்படத்தில் குச்சியை வைத்துக் காட்டுகிறேன், ஒரு நாளாவது அளந்து பார்த்தேனா? அது என் வெட்கம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆனால் இதை யோசித்தாயா? நீ மூன்று மணி நேரம் என்று அன்றைக்கே சொல்லியிருந்தால், நானும் அவரிடம் மூன்று மணி நேரம் என்று சொல்லியிருப்பேன். ஐந்து மணி வரைக்கும் அவர் நிம்மதியாகக் காத்திருந்திருப்பார். பிள்ளை ஆகாயத்தில் வந்துகொண்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே போயிருப்பார். நீ அவருக்கு மிச்சப்படுத்திக் கொடுத்த அந்த இரண்டு மணி நேரம்தான், மகன் வரவில்லை என்று தெரிந்துகொண்டு அவர் படுத்துக்கிடந்த இரண்டு மணி நேரம். கணக்கு சரியாக இருக்கிறதா என்று நீயே பார்.

என் பொய்யும் அதில் இருக்கிறது. அது தெரியாமல் இல்லை. அதனால்தான் தூக்கம் வருவதில்லை.

வெள்ளிக்கிழமை ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. இனி எழுதாதே.

ரஸ்மா

●

மோனகன்
14 ஏப்ரல் 2009

அக்கா,

எழுதாதே என்றாய். இது ஒன்றை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துகிறேன்.

கேட் மூடிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. அந்தப் பத்து நிமிடம் எங்கே போனது என்று யாரிடமும் சொல்லவில்லை. கார் ஓட்டிய யானிஸ் மட்டும் அறிவான், அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

வழியில் ஒரு கடையில் நிறுத்தச் சொன்னேன். போன தடவை நான் கொண்டுவந்த டீத்தூள் ஞாபகம் இருக்கிறதா, சிவப்பு டப்பா? அப்பா குடித்துவிட்டு, "இது டீ. இத்தனை நாள் நாம குடிச்சது வைக்கோல் தண்ணி" என்றாரே. வெறுங்கையோடு போய் நிற்கக் கூடாது என்று பட்டது. சாகக் கிடக்கிறவருக்கு டீத்தூள் வாங்க நிறுத்தியவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். முன்னால் ஒரு பாட்டியம்மா சில்லறையை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். நான் டப்பாவைப் போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். ஓடவில்லை. "மூன்று மணி ஐந்து நிமிடம்தானே, சாயங்காலத்துக்குள் போய்விடுவோம்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்பாவுக்குச் சொன்ன பொய் போதாது, எனக்கும் ஒன்று.

டப்பா என் அலமாரியில் இருக்கிறது. பிரிக்கவில்லை. தூக்கி எறியவும் கை வரவில்லை.

அவர் கடைசியாக என்னை என்ன நினைத்துக்கொண்டு போனார் என்பது மட்டும் தெரிந்தால் போதும் அக்கா. அது கெட்டதாக இருந்தாலும் பரவாயில்லை. தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

மோட்ரிஸ்

●

ரீகா, ஸோலிதூதே
8 ஜூன் 2009

மோட்ரிஸ்,

இரண்டு மாதம் எழுதவில்லை. எழுத ஒன்றும் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது.

நேற்று, ஞாயிற்றுக்கிழமை, கல்லறைக்குப் போய் மண்ணைக் கொத்தி மேல் மணல் போட்டேன். நீளச் சீப்பு மாதிரி வாரியால் கோடு கோடாக இழுத்துப் பின்பக்கமாகவே நடந்து வெளியே வர வேண்டுமல்லவா, என் கால்தடம் விழாமல். அப்படிப் பின்பக்கமாக நடக்கும்போது யார் மேலோ மோதிக்கொண்டேன். சிகுர்ட்ஸ் மாமா. கையில் இரண்டு பூ. பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். என்னமோ தெரியவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உன் பொய், என் பொய், அந்த இரண்டு மணி நேரம், எல்லாம். அப்பா மாஸ்கோ நேரத்தில் டிக்கெட்டைப் படித்து ஏமாந்த கதையையும் சொன்னேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"உங்கப்பன் ஆர்வித்ஸா? வண்டி நேரத்துலயா? நீ யாரைப் பத்திப் பேசற?" என்றார். "போக வர டிக்கெட் தானம்மா அது. மேல் வரியைப் பாத்து ஏமாந்தான், அது நெசம். கீழ் வரி ஒண்ணு இருந்துச்சு இல்ல, கிறிஸ்துமஸுக்குத் திரும்பறதுக்கு? டப்ளின் பன்னெண்டு, ரீகா பதினேழு அஞ்சு. கழிச்சா அஞ்சு மணி அஞ்சு நிமிஷம். போகும்போது ஒண்ணு, வரும்போது அஞ்சு, அப்படி ஒரு வண்டி உண்டா? மறுநாளே ஒரு தாள்ல எழுதிக்கிட்டு என்கிட்ட வந்துட்டான். ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்திருந்தான். மூணு மணி அஞ்சு நிமிஷம்."

அப்புறம் ஏன் நாலு வருஷமாக ஒரு மணி என்று சொல்லிக்கொண்டிருந்தார் என்று கேட்டேன்.

"நானும் கேட்டேன். பையன்கிட்டச் சொல்லலியான்னு. 'எப்படிச் சொல்றது? ஊரைவிட்டுப் போறவன், எனக்காக ரெண்டு மணி நேரத்தைக் குறைச்சுக் குடுத்துட்டுப் போறான். அதைத் திருப்பி வாங்கிக்கோன்னு சொல்லச் சொல்றியா' அப்படின்னான்."

வீட்டுக்கு வந்து அப்பாவின் சுவர் நாட்காட்டியை எடுத்தேன். எறியாமல் வைத்திருந்தேன். திங்கள், புதன், சனிக் கட்டங்களில் பென்சிலால் சின்னதாக 17.05 என்று இருக்கும். மாத்திரை நேரம் என்று நினைத்திருந்தேன். சனிக்கிழமைக்கு அப்புறம் ஞாயிறு ஏன் மாத்திரை இல்லை என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. பிப்ரவரி 18, அவர் போன அந்தப் புதன்கிழமைக் கட்டத்திலும் இருக்கிறது. மாதம் பிறக்கும்போதே மொத்தமாகக் குறித்து வைப்பார் போலிருக்கிறது.

பால்கனியில் அவர் நின்றதும் அந்த நாட்களில்தான். உன் ஊர் விமானம் நம் கூரைக்கு மேலாகத்தான் போய் இறங்குகிறது. நான் புகைக்காகத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது கேள். நான் அவரிடம், இரண்டு மணிக்குக் கிளம்புகிறான், ஒரு மணி ஐந்து நிமிடம் என்றேன். அவர் "மூணு... அஞ்சு" என்றார். அது கடிகார நேரம் இல்லை, மோட்ரிஸ். அவர் என்னைத் திருத்தினார். பயணம் மூன்று மணி ஐந்து நிமிடம் என்றார். அதனால்தான் மூன்று தாண்டியும் உன்னைக் கேட்கவில்லை. மூன்றுக்கு உன்னை எதிர்பார்க்கவே இல்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நீ எங்கே வருகிறாய், கடலைத் தாண்டிவிட்டாயா என்று கணக்குப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார். முப்பது வருஷம் அந்த வேலையைத்தானே செய்தார், கண்ணுக்குத் தெரியாத வண்டிகளை மனசுக்குள்ளே ஓட்டுவது. ஐந்து மணி சுமாருக்குத் தலைக்கு மேல் சத்தம் கேட்டது. எனக்குக் கேட்டது, நான் பொருட்படுத்தவில்லை. அதற்குப் பிறகுதான் டீ போடச் சொன்னார்.

பெரிய கெட்டிலை நம் வீட்டில் எப்போது எடுப்போம்? யாராவது வந்தால்.

நீ இறங்கிவிட்டாய் என்று நினைத்துக்கொண்டுதான் அவர் போனார். நீ கேட்டாயே, கடைசியாக என்ன நினைத்தார் என்று. டீ உனக்கு. அவ்வளவுதான் நினைத்தார்.

உன் பொய்யை அவர் நம்பியிருந்தால் என் பொய் மூன்று ஐந்துக்கே செத்திருக்கும். அவருக்கு உண்மை தெரிந்திருந்ததால் அது ஐந்து மணி வரைக்கும் பிழைத்தது. இதை நினைத்து நேற்றுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். இவ்வளவு நாளில் இப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அதற்காக நீ வந்துவிட்டாய் என்று ஆகிவிடாது. நீ வரவில்லை. ஒரு டப்பா டீத்தூளுக்காக வரவில்லை. அது அப்படியே இருக்கிறது, அதை நீதான் சுமக்க வேண்டும். என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமைக்கு அப்புறம் அடக்கம் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் கல்லறை அலுவலகத்தில் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை இடம் இருந்தது. நான்தான் வெள்ளி என்றேன். நீ வந்து நின்று அழுவதைப் பார்க்க எனக்கு மனசில்லை. அப்பாவின் மேல் ஒரு பிடி மணல் போடும் உரிமையை உன்னிடமிருந்து நான் பிடுங்கிவிட்டேன். அதற்கு நான் எங்கே போய்த் திருத்தம் போடுவது?

ஆகஸ்டில் நம் கல்லறைத் தோட்டத்துக்குத் திருநாள். ஊர் முழுக்க அவரவர் ஆட்களோடு வந்து நிற்கும். நேற்றுவரை உன்னைக் கூப்பிடுவதில்லை என்றுதான் இருந்தேன். வா. மணலை நீ வாரு. நான் தொடமாட்டேன்.

சனிக்கிழமை விமானம் வேண்டாம். அந்த வாரப் புதன்கிழமையே வா, அதே பன்னிரண்டு மணி விமானம். வழியில் எந்தக் கடையிலும் நிற்காதே. வாங்க வேண்டியதை வாங்கித்தான் வைத்திருக்கிறாயே, அந்தச் சிவப்பு டப்பாவை எடுத்து வா.

விமான நிலையத்துக்கு நான் வரமாட்டேன். பால்கனியில் நிற்பேன். மேலே சத்தம் கேட்டதும் உள்ளே போய்ப் பெரிய கெட்டிலை வைப்பேன்.

அக்கா